டைப் அடிக்கிற பொண்ணு

மரப்பலகையில் பெயர் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டருக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்தது கோடு மட்டும், அதுவும் மூடிய கோடு. ஒரு 'க'வை அதனிடம் கொடுத்தால் மென்பொருள் அந்த எழுத்தின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பார்க்கும். இரண்டுக்கும் சரிநடுவில் ஒரு பாதையைக் கணக்கிடும். 'வி' வடிவ நுனி உள்ள பிட் அந்தப் பாதையில் ஓடும். ஓரங்கள் விலகும் இடத்தில் ஆழமாக இறங்கும், நெருங்கும் இடத்தில் மேலேறும். 60 டிகிரி பிட் போட்டால் 10 மி.மீ. அகலமுள்ள கோட்டுக்கு ஏறத்தாழ 8.7 மி.மீ. ஆழம் கிடைக்கும். 90 டிகிரி என்றால் 5 மி.மீ. உளியால் செதுக்கியதுபோல எழுத்தின் முனைகள் கூர்மையாக முடிவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

பாதையில் சில துண்டுகள் காணாமல் போவதும் இதே கணக்கால்தான். திரையில் எழுத்து முழுசாக இருக்கும். பாதையைக் கணக்கிடச் சொன்னால் ஓர் எழுத்தின் காலில் பாதி இருக்காது, ஒரு வளைவின் நடுவில் கண் அளவுக்குத் திட்டு நிற்கும், அல்லது புள்ளி இருக்காது. பிரிவியூவைப் பார்க்காமல் ஓட்டிவிட்டால் தேக்குப் பலகையோடு போச்சு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்கள். தமிழ் எழுத்தில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள்.

கோயம்புத்தூரில் என் அண்ணன் வைத்திருக்கும் மரப்பட்டறையில் இந்த வேலையைச் செய்கிறேன். அப்பா அங்கே ஆசாரியாக இருந்தவர். நான் வளரும்போது அது நான் நுழையக்கூடாத இடம். மாதத்தில் மூன்று நாள் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. மற்ற நாளில் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். உளியைத் தாண்டிவிட்டால் அம்மா கூப்பிட்டுத் திட்டுவாள். அண்ணனுக்கு ஏழாம் வகுப்பிலேயே இழைப்புளி கையில் கொடுக்கப்பட்டது. எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங், பிறகு டி.டி.பி. 'கம்ப்யூட்டர் வேலை பொண்ணுங்களுக்கு நல்லது, வெயில்ல நிக்க வேண்டாம்' என்றார்கள். பதினோரு வருடம் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி போஸ்டர், ஓட்டல் மெனு, வண்டிக்கு ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் செய்தேன். சென்டரில் எங்கள் பதவியின் பெயர் 'டைப் அடிக்கிற பொண்ணு'. நான் போய்ச் சேர்ந்தபோதும் அதுதான், முப்பது வயது தாண்டியபோதும் அதுதான். வாட்ஸாப்பில் பத்திரிகை வரத் தொடங்கியதும் சென்டர் சுருங்கியது. கடைசியில் மூடினார்கள்.

அண்ணன் அப்போதுதான் கடன் வாங்கி ரவுட்டர் போட்டிருந்தார். பூஜையறைக் கதவு, நிலைக்குப் பூ வேலை, பெயர்ப்பலகை. 'வீட்ல சும்மாதானே இருக்கே பாப்பா, வந்து டிசைன் ஃபைலைப் பார்த்துக்கோ' என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் உளி இல்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

நான் போய்ச் சேர்ந்த வாரம் பட்டறையில் ஒரு கெட்டுப்போன பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. 'அன்னை இல்லம்' என்ற வீட்டுப் பெயர். டிசைன் கோப்பு வெளியில் ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. 'இல்லம்' என்பதில் 'ல்'லின் புள்ளி இல்லை. கடைசி 'ம்'மின் புள்ளி பாதி நிலாபோல இருந்தது. முதல் 'ன்'னின் ஒரு பகுதி செதுக்கப்படவே இல்லை. மெஷின் விற்ற நிறுவனத்தின் டெக்னீஷியனுக்கு அண்ணன் ஏற்கெனவே மூன்று முறை போன் செய்திருந்தார். நான்காவது முறை நான் செய்தேன். 'சார் இருக்காருங்களா?' என்பதுதான் முதல் கேள்வி. நான்தான் கோப்பைப் பார்க்கிறேன் என்றதும் கொஞ்சம் மௌனம். பிறகு, 'தமிழ் ஃபான்ட்டுன்னா அப்படித்தாங்க மேடம் வரும். எழுத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. இல்லேன்னா பார்ட்டிய இங்கிலீஷ்ல போட்டுக்கச் சொல்லுங்க.'

அந்த வாக்கியத்தை நான் பல விதமாகப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு கருவியில் ஒன்று சரியாக நடக்கவில்லை என்றால் நடக்காதது நம் இயல்பின் குறையாகிவிடும். தமிழ் அப்படித்தான், பொம்பளைங்க கை பட்டா மெஷின் அப்படித்தான். இரண்டுக்கும் காரணம் கேட்டால் பதில் வராது.

கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்த பத்து நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள்.

அந்த எழுத்து பாமினி. யூனிகோடு வருவதற்கு முன்னாலிருந்தே டி.டி.பி. சென்டர்களில் புழங்கும் எழுத்துரு. இன்றும் பல மரவேலை மென்பொருள்களில் யூனிகோடு தமிழை நேரடியாகத் தட்டினால் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால் பாமினியில் தட்டி, கர்வ்ஸாக மாற்றி, கோடுகளாக உள்ளே கொண்டுபோவதுதான் வழக்கம். பாமினியில் புள்ளி தனி எழுத்து. அரைப்புள்ளிச் சாவியைத் தட்டினால் புள்ளி வந்து முந்தைய எழுத்தின் தலையில் உட்காரும். ஆகவே 'ல்' என்பது நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கோப்பில் இரண்டு கோடுகள். எழுத்து ஒன்று, அதன்மேல் ஒரு வட்டம். டிசைன் செய்தவர் வரியை நெருக்கியபோது 'ம்'மின் புள்ளி கீழே இறங்கி எழுத்தின் தோளில் ஏறிவிட்டது.

இரண்டு மூடிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'க'வின் வயிற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைச் செதுக்கக் கூடாது என்று மென்பொருள் எப்படித் தெரிந்துகொள்கிறது? வெளியிலிருந்து வரும்போது முதல் கோட்டைத் தாண்டினால் உள்ளே. இரண்டாவது கோட்டைத் தாண்டினால் மறுபடி வெளியே. ஒற்றைப்படை உள்ளே, இரட்டைப்படை வெளியே. இந்த ஒரு விதியை வைத்துத்தான் அது ஓட்டையைக் காப்பாற்றுகிறது. புள்ளியும் எழுத்தும் ஏறிக்கிடக்கும் பகுதியை அடைய இரண்டு கோடுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே அது 'வெளியே'. அங்கே செதுக்காது. பாதி நிலா அப்படி வந்ததுதான்.

காணாமல்போன 'ல்' புள்ளி இன்னும் வேடிக்கை. சுட்டியால் அதை நகர்த்தினேன். அடியில் அதே இடத்தில் அதே அளவில் இன்னொரு வட்டம். யாரோ நகல் எடுத்து ஒட்டி, ஒட்டியது தெரியாமல் விட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் என்றால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். 'ன்'னில் இருந்தது வேறு நோய்: கோடு மூடப்படவில்லை. இரண்டு நுனிக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி, திரையில் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. வாசல் திறந்திருக்கும் வீட்டுக்கு எது உள், எது வெளி என்று சொல்ல முடியாததால் மென்பொருள் அந்தத் துண்டை விட்டுவிட்டது. ஒரே பலகையில் மூன்று காரணங்கள். எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் மூன்று குறையும் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் எந்தப் பயிற்சியில் கற்றேன் என்று அண்ணன் கேட்டார். ஸ்டிக்கரில் கற்றேன். வண்டிக் கண்ணாடிக்குக் 'குலதெய்வம் துணை' வெட்டும் பிளாட்டரிலும் இதே கதைதான். புள்ளியையும் எழுத்தையும் வெல்ட் செய்து ஒரே கோடாக்காமல் அனுப்பினால் கத்தி எழுத்தின் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும் முன் கர்வ்ஸாக்குவது, நோடுகளை எண்ணிப் பார்ப்பது, இரட்டைக் கோட்டைத் தேடுவது, இதெல்லாம் சென்டரில் எங்கள் ஐந்து பேருக்கும் மூச்சுவிடுவதைப் போல. அதற்கு யாரும் திறமை என்று பெயர் வைத்ததில்லை. சம்பளத்தில் அதற்கென்று ஒரு ரூபாய் இருந்ததில்லை. அதே வேலையை மெஷின் கம்பெனியில் ஒருவர் செய்தால் 'வெக்டர் கிளீனிங்' என்று தனியாகப் பில் போடுகிறார்கள் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். கோபம் வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்தி இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள், இன்னொருத்தி வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் என்னைவிட வேகம்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முழு வரியில் எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் பாதி எழுத்துகளை ஒதுக்கிவைத்து மீதிக்கு மட்டும் பாதையைக் கணக்கிடுங்கள். சரியாக வந்தால் கோளாறு ஒதுக்கிய பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். நான்கைந்து தடவையில் குற்றவாளி எழுத்து தனியாக வந்து நிற்கும். அதை வெல்ட் செய்வது, மூடுவது, இரட்டையை நீக்குவது, தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் சின்னச் சுழியைப் பிரித்து எடுப்பது. இந்தச் சுழிகள் பழைய 'ணை', 'லை' கேட்பவர்களிடம்தான் அதிகம் வரும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய யானைத் தும்பிக்கை எழுத்தில் வீட்டுப் பெயர் வேண்டும் என்று சில தாத்தாக்கள் வருவார்கள். யாரோ கையால் வரைந்து ஸ்கேன் செய்த கோடுகளில் வளைவுக்கு வளைவு முடிச்சு இருக்கும். எனக்கு அந்த எழுத்து பிடிக்கும், அதனால் நேரம் பார்க்காமல் உட்கார்ந்து அவிழ்ப்பேன்.

திரையில் எல்லாம் சரியாக இருந்து மரத்தில் மட்டும் காணாமல் போவதும் உண்டு. அதற்குக் கோப்பைக் குடைவதில் பயனில்லை. எழுத்தின் மெல்லிய முனைகளில் பிட் கால் மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. பலகை அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தால் அந்த இடத்தில் பிட் காற்றைச் செதுக்கிவிட்டுப் போகும். பலகையின் ஒரு மூலையில் மட்டும் உயரத்தைப் பூஜ்யம் வைக்கிறவர்களுக்கு இது நடக்கும். பெட்டைச் சமமாக இழைத்துவிட்டு, எழுத்து வரும் இடத்திலேயே பூஜ்யம் வைத்தால் தீர்ந்தது. அகலமான எழுத்துக்கு ஆழத்தைக் கட்டுப்படுத்தி, நடுவை எண்ட் மில் கொண்டு எடுக்கும்படி பிரித்திருந்தால் அது தனிக் கோப்பு. அதை ஓட்டாவிட்டால் நடுவில் மேடை நிற்கும். சில நேரம் மரத்தில் எல்லாம் இருக்கும், பிரிவியூவின் தரம் குறைவாக இருப்பதால் திரையில் மட்டும் தெரியாது.

புள்ளி போனால் என்ன, படிக்கிறவர் புரிந்துகொள்வார் என்று ஒரு வாடிக்கையாளர் வாதாடினார். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், படித்தவர்கள் இடம்பார்த்துப் புரிந்துகொண்டார்கள், உண்மைதான். ஓலைக்கு அந்தச் சங்கடம் இருந்தது. 25 மி.மீ. தேக்குக்கு இல்லை. அதிலும் புள்ளிக்கு மெஷினில் ஆகும் செலவு மிகக் குறைவு. வட்டத்துக்கு நடுக்கோடு என்று பார்த்தால் ஒரே ஒரு இடம்தான். பிட் ஒருமுறை இறங்கி ஏறும். ஒரு நொடி.

இந்த வேலைக்கு வந்தபின் பெயர்ப்பலகைகளை வேறு விதமாகப் படிக்கப் பழகிவிட்டேன். மேலே ஆணின் பெயர், பட்டம், பதவி, அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'. பெண் டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தால் அவள் பெயரும் உண்டு, பெரும்பாலும் கீழே, சிறிய அளவில். மற்ற வீடுகளில் பெண்ணின் பெயர் வருவதே வீட்டின் பெயராக வரும்போதுதான், அதுவும் இறந்துபோன அம்மாவாக இருந்தால். ஆர்டர் வரும்போதே அளவுகளும் வந்துவிடும். அப்பா பெயர் இரண்டு இன்ச், அம்மா பெயர் அரை இன்ச். அதை முடிவு செய்தவர்களிடம் கேட்டால், 'பார்க்க அப்படித்தாங்க நல்லா இருக்கும்' என்பார்கள்.

போன ஆவணியில் ஒரு பையன் வந்தார். ஐ.டி. வேலை, புது வீடு, பெற்றோருக்காகக் கட்டியது. என்னைப் பார்த்ததும், 'ஏனுங்க, ஆபரேட்டர் இல்லீங்களா?' என்றார். நான்தான் என்றேன். அப்பா பெயர் 45 மி.மீ. உயரம், பட்டத்தோடு, பதவியோடு. கீழே அம்மா பெயர் 12 மி.மீ., எம்.ஏ., பி.எட். அவர் விரும்பிய எழுத்துரு தடித்தும் மெலிந்தும் போகும் வகை. பாதையைக் கணக்கிட்டேன். மேல் வரி முழுசாக வந்தது. கீழ் வரியில் எங்கெல்லாம் கோடு மெலிகிறதோ அங்கெல்லாம் பாதை அறுந்திருந்தது.

இதில் கோப்பு நோய் ஒன்றும் இல்லை. மேல் வரிக்காகத் தேர்ந்திருந்தது 90 டிகிரி பிட், நுனி அரை மில்லிமீட்டர் தட்டை. 12 மி.மீ. உயர எழுத்தில் மெலிந்த கோடு 0.4 மி.மீ.தான். நுனியின் அகலத்தைவிடக் குறுகலான இடத்துக்குள் பிட் நுழைந்தால் எழுத்தின் ஓரத்தைச் சிதைக்கும். ஆகவே மென்பொருள் நுழையாமல் விட்டுவிடுகிறது. தடித்த கோடு 1.3 மி.மீ. இருந்தது, அங்கேயும் ஆழம் 0.4 மி.மீ.தான். பாலிஷ் ஏறினால் அதுவும் நிரம்பிவிடும். பெரிய பெயருக்கு ஏற்றபடி எல்லாம் முன்பே தீர்மானமாகியிருந்தது: பிட், எழுத்துரு, பலகையின் இடம். மிச்சத்தில் சின்னப் பெயர் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

அவரிடம் திரையைக் காட்டினேன். 'அம்மா பேரை இன்னும் பெருசாப் போடணுங்க. அப்பா பேரைக் கொஞ்சம் குறைச்சா ரெண்டும் சமமா வரும்' என்றேன்.

'அப்பா பேரு அப்படியே இருக்கட்டுங்க. அம்மாவோட டிகிரிய எடுத்துட்டா இடம் கிடைக்குமில்லீங்களா?'

'அப்பா பேர்ல ஓய்வுன்னு இருக்கிறதை எடுத்தாலும் கிடைக்குங்க.'

அவர் சிரித்தார், நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அண்ணன் உள்ளேயிருந்து, 'பார்ட்டி சொல்றதை நாம செஞ்சு குடுத்தாப் போதாதா பாப்பா?' என்றார். அவர் கவலை அவருக்கு. மாதத் தவணை ஐந்தாம் தேதி.

மறுநாள் ஒரு பெண்குரல் போனில். 'போர்டு செய்யற புள்ளயா கண்ணு? எம் பேர்ல எந்த எழுத்து வரலைங்கறான் பையன்?'

எந்தெந்த எழுத்து, எந்த இடத்தில் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். கணக்கு டீச்சராக இருந்தவராம். கோடு எத்தனை, நுனி எத்தனை என்று கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை 'ம்' போடாமல் கணக்குப் போடுகிறார் என்பது எனக்குக் கேட்டது.

'எத்தனை பெருசா இருந்தா முழுசா வரும்?'

'20 மில்லி இருந்தாப் போதுங்கம்மா. பிட்டை மாத்திக்கிறேன். ஆனா அய்யா பேரு அளவுக்கே உங்க பேரையும் வைக்கலாங்க, பலகை கொஞ்சம் பெருசாகும், அவ்வளவுதான்.'

'அதெல்லாம் வேண்டாம் கண்ணு. 20 வை. டிகிரி இருக்கட்டும், அது நான் கல்யாணத்துக்கப்புறம் கரஸ்ல படிச்சது. பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.'

எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. அவர் எந்தக் கணக்கில் 20 போதும் என்று நிறுத்தினாரோ, அந்த வீட்டுக்குள் இருக்கிற எண்கள் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மேல் வரியை 90 டிகிரி பிட்டில் ஓட்டினேன். கீழ் வரிக்கு 30 டிகிரி பிட், 0.1 மி.மீ. நுனி. ஊசிமாதிரி இருக்கும், தேக்கில் வேகமாக ஓட்டினால் நுனி முறிந்து உள்ளே தங்கிவிடும். வேகத்தைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். 20 மி.மீ. எழுத்தில் தடித்த கோடு 2.2 மி.மீ. அகலம். அந்த அகலத்துக்கு அந்தப் பிட் கிட்டத்தட்ட 3.9 மி.மீ. இறங்கும். மேல் வரியில் 5 மி.மீ. அகலக் கோடு, இறங்கியது 2.25 மி.மீ. பட்டத்தில் வரும் புள்ளிகள் எல்லாம் விழுந்தன. எண்ணிப் பார்த்தேன்.

கறுப்பு எனாமல் நிரப்பும்போது அண்ணன் தூரிகையை நிறுத்திவிட்டுக் கீழ் வரியை விரலால் தடவிப் பார்த்தார். 'ஏம் பாப்பா, கீழ இருக்கிறது மேல இருக்கிறதைவிட ஆழமா இருக்கு?'

'30 டிகிரி பிட்டுங்ண்ணா. அது அப்படித்தான் இறங்கும்.'

கீழ் வரிக்கு இரண்டு கோட்டிங் பெயிண்ட் பிடித்தது. சனிக்கிழமை பையன் வந்து பலகையை எடுத்துப்போனார்.